வயசான காலத்துல பழைய சிநேகிதம் விட்டுப் போகாம பாத்துக்குறது எப்படி

"பேசணும்னு தோணுது, ஆனா உடம்புல தெம்பு இல்ல"ன்னு நீங்க நெனைக்கிற அதே நேரத்துல அந்தப் பக்கம் அவங்களும் அதையேதான் நெனச்சிட்டு இருப்பாங்க, கடைசில ரெண்டு பேரும் மத்தவங்க மறந்துட்டாங்கன்னு முடிவு பண்ணி உக்காந்துருவீங்க. அதனால முதல்ல யாரு கடைசியா கூப்பிட்டாங்கங்குற கணக்க விடுங்க. போன தடவையும் நீங்களா? பரவால்ல, இந்த தடவையும் நீங்களே கூப்பிடுங்க.

ரொம்ப நாள் ஆச்சே, எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு பேசுறதுன்னு கூச்சமா இருக்கும். 2022ல வந்த ஒரு ஆய்வுல, நாம விசாரிச்சா எதிராளி எவ்ளோ சந்தோஷப்படுவாங்கன்னு நாம பொதுவா கொறச்சுதான் எடை போடுறோம்னு தெரிஞ்சுது, அதுவும் எதிர்பாக்காத நேரத்துல வந்தா சந்தோஷம் இன்னும் கூடுதல். அதனால பெரிய மன்னிப்புப் படலம்லாம் வேணாம், "உன் ஞாபகம் வந்துச்சு"ன்னு ஆரம்பிச்சா போதும்.

நேரம் முக்கியம். ரெண்டு பேருக்கும் தெம்பா இருக்குற நேரம் எதுன்னு கேட்டு வச்சிக்கோங்க, சாயங்காலத்துக்குள்ள அசந்து போறவங்கள ராத்திரி கூப்பிட்டு "சரியாவே பேசல"ன்னு வருத்தப்படுறதுல அர்த்தமே இல்ல. பத்து நிமிஷம்னு முன்னாடியே சொல்லிடுங்க. எப்ப முடியும்னு தெரியாத போனத்தான் களைப்பா இருக்குறவங்க எடுக்கத் தயங்குவாங்க.

பாதி சிநேகிதம் அறுந்து போறது காதாலதான், இத யாரும் வெளிய சொல்றதில்ல. வயசானா பொதுவா மொதல்ல போறது கீச்சுனு இருக்குற உயர்ந்த சத்தங்கதான், அதனால ச, க, த மாதிரி எழுத்துங்க தேஞ்சு போய் பேசுறது கேக்கும் ஆனா என்ன சொன்னாங்கன்னு புரியாது. திரும்பத் திரும்ப "என்ன?"ன்னு கேக்க வெக்கப்பட்டு போனையே தவிர்ப்பாங்க, நாம திமிருன்னு நெனச்சுக்குவோம். இதுக்கு கத்துனா வேலைக்கு ஆகாது, கத்துனா சத்தம் இன்னும் கொழம்பும். மெதுவா பேசுங்க, டிவிய அணைங்க, புரியலன்னா அதையே சொல்லாம வேற வார்த்தைல சொல்லுங்க. வீடியோ கால்னா உதடு அசையுறத பாத்தே கொஞ்சம் பிடிச்சிக்கலாம். அதுவும் முடியலன்னா எழுதி அனுப்புங்க, பெரிய எழுத்தா.

பேச முடியாத அளவு அசதியா இருக்குற நாள்ல ஒரு வாய்ஸ் மெசேஜ் போடுங்க, பதில் வேணாம்னு அதுலயே சொல்லிடுங்க.

என்ன பேசுறது? வியாதி பட்டியல் வரத்தான் செய்யும், வரட்டும், ஆனா முழுக்க அதுவே ஆகிட்டா ரெண்டு பேருக்கும் அடுத்த தடவை கூப்பிட மனசு வராது. பழைய போட்டோ ஒண்ண அனுப்பி "இதுல ஓரத்துல நிக்கிறது யாரு?"ன்னு கேளுங்க, பேச்சு தானா ஓடும். ஒரே கதைய நாலாவது தடவை சொன்னாலும் கேளுங்க, தேதிய திருத்தாதீங்க ப்ளீஸ்.

இன்னொண்ணு, அவங்க பிள்ளைங்க இல்ல கூட இருக்குறவங்க நம்பர இப்பவே வாங்கி, உங்க வீட்டு நம்பரையும் அவங்ககிட்ட குடுத்துடுங்க. திடீர்னு போன் எடுக்கலன்னா ஆஸ்பத்திரில இருக்காங்களா சார்ஜ் போட மறந்துட்டாங்களான்னு யார கேக்குறதுன்னு தவிக்க வேண்டாம்.