பழைய தையல் மெஷினை மீட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பரணிலோ மாடிப்படிக்கு அடியிலோ பல வருடமாகக் கிடக்கும் கறுப்பு சிங்கர் மெஷின் நிஜமாகவே கெட்டுப்போயிருப்பது அபூர்வம். எப்போதோ விட்ட எண்ணெய் காய்ந்து பிசினாக இறுகியிருக்கும். நூல் துணுக்கும் தூசியும் அடைத்திருக்கும். அதனால் வீல் சுற்றாது, அவ்வளவுதான். அதற்குப் பெரிய சேதம் வருவது, யாராவது ஒருவர் உப்புத்தாளும் பெயின்ட் டப்பாவுமாக "புதுசு மாதிரி ஆக்கிடலாம்" என்று உட்காரும் நாளில்தான்.

வயது, மதிப்பு பற்றிய தப்புக் கணக்கு

மெஷினில் ஏதாவது ஓர் ஆண்டு தெரிந்தால் அதுதான் அது தயாரான ஆண்டு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சிங்கர் நிறுவனம் தொடங்கியது 1851இல். நூற்றாண்டையொட்டி, 1951 வாக்கில் வந்த மெஷின்களில் நீல விளிம்பு வைத்த வில்லை ஒன்றைப் பதித்தார்கள்; அதில் 1851–1951 என்று இருக்கும். முதல் எண்ணை மட்டும் படித்துவிட்டு "1851 மெஷின் விற்பனைக்கு" என்று விளம்பரம் போடுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். இன்னும் பழைய மெஷின்களில், ஊசிக்குக் கீழே தள்ளித் திறக்கும் தகட்டில் சில தேதிகள் பொறித்திருக்கும். அவை காப்புரிமை பெற்ற தேதிகள். மெஷின் அதற்குப் பல வருடம் கழித்துக்கூடப் பிறந்திருக்கலாம்.

நம்ப வேண்டியது வரிசை எண்ணை. மெஷினின் அடித்தளத்தில், வலது கைப்பக்கம் பார்த்தால் தெரியும். அழுக்கு மூடியிருந்தால் ஒரு துளி மெஷின் ஆயில் தடவித் துணியால் துடைத்தால் போதும். அந்த எண்ணுக்கு முன்னால் எழுத்தே இல்லாவிட்டால் பொதுவாக அது 1900க்கு முந்தையது. அதற்குப் பிறகு தொழிற்சாலைக்கு ஏற்ப எழுத்து சேர்த்தார்கள். இந்தியாவில் நாம் பார்க்கும் பழைய சிங்கர்களில் பெரும்பாலானவை ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஊரில் இருந்த கில்போவி தொழிற்சாலையில் செய்தவை. 'ஒய்' என்ற ஒற்றை எழுத்தில் தொடங்கினால் 1920களின் தொடக்கத்திலிருந்து 1930களின் நடுப்பகுதிக்குள் வரும். 'ஈ.ஏ', 'ஈ.எஃப்' என்று 'ஈ'யில் தொடங்கும் இரட்டை எழுத்து என்றால் 1935 அல்லது அதற்குப் பிந்தையது. மாடல் பெயரில் 15கே, 66கே என்று ஒட்டிவரும் 'கே'யும் கில்போவியைத்தான் சொல்கிறது. ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: சிங்கரின் வரிசை எண் பதிவேட்டில் இருக்கும் தேதி, அந்த எண் தொகுதியைத் தொழிற்சாலைக்கு ஒதுக்கிய நாள். உங்கள் மெஷின் கடைக்கு வந்த நாள் அதுவல்ல.

சரி, நூறு வயது என்றே தெரிந்துவிட்டது. அதனால் லட்சக்கணக்கில் போகுமா? போகாது. கிளைட்பேங்க் தொழிற்சாலை மட்டும் 1913இல் ஒரே வருடத்தில் சுமார் 13 லட்சம் மெஷின்களை அனுப்பியது. பழையது என்பதும் அரியது என்பதும் இங்கே ஒன்றல்ல. இதைவிட வேடிக்கை, சிங்கர் மெஷினுக்குள் 'சிவப்பு பாதரசம்' என்ற விலை உயர்ந்த பொருள் இருக்கிறது என்ற வதந்தி. 2009இல் சவுதி அரேபியாவில் இது தீயாகப் பரவியது. செல்போனை ஊசிக்கு அருகில் கொண்டுபோனால் இணைப்பு அறுந்துவிடும், அப்படி அறுந்தால் உள்ளே பாதரசம் இருக்கிறது என்று சொல்லி, சாதாரண மெஷினை லட்சம் ரியாலுக்கு மேல் விலை பேசினார்கள். கடைசியில் போலீஸ் தலையிட வேண்டியிருந்தது. அப்படி எந்தப் பாதரசமும் இந்த மெஷின்களில் கிடையாது. வார்ப்பிரும்பும் எஃகும்தான். யாராவது இந்தக் கதையோடு உங்கள் வீட்டுக் கதவைத் தட்டினால், கதவைச் சாத்திவிடுங்கள்.

எந்த வகை என்று பாருங்கள்

மாடலைத் தெரிந்துகொள்ளாமல் கடைக்குப் போய் "பழைய சிங்கருக்கு பாபின் குடுங்க" என்று கேட்டால் கையில் வருவது எதுவாகவும் இருக்கலாம். அலங்காரத்தை வைத்து மாடலைச் சொல்லவும் முடியாது. ஸ்பிங்க்ஸ் படம், தாமரை வேலைப்பாடு எல்லாம் மெஷினுக்கு மேலே போட்ட சட்டை மாதிரி. ஒரே மாடலே வேறு வேறு சட்டையில் வந்திருக்கிறது. நூல் எங்கே எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். கீழ் நூல், தோட்டா வடிவ ஷட்டிலுக்குள் (அடியில் முன்னும் பின்னும் ஓடும் சிறு கூடு), நீளமான மெல்லிய பாபினில் இருந்தால் அது 27, 28, 127, 128 வகையில் ஒன்று. பாபின் கேஸ் இடது பக்கத்திலிருந்து வெளியே வந்து, மேல்நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளும் மெஷினின் இடது முனையிலேயே இருந்தால் 15 வகை. பாபினை மேலிருந்து, ஊசிக்குப் பக்கத்தில் தகட்டைத் தள்ளிப் போட முடிந்தால் 66 அல்லது அதன் சிறிய வடிவமான 99 ஆக இருக்கலாம். 15க்கும் 66க்கும் பாபின் வேறு. 15இன் பாபின் இரு பக்கமும் தட்டையாக இருக்கும், 66இன் பாபின் லேசாகக் குவிந்திருக்கும். மாற்றிப் போட்டாலும் சில நேரம் உள்ளே உட்கார்ந்துவிடும். அதுதான் ஆபத்து, தையல் ஏன் சிக்குகிறது என்று வாரக்கணக்கில் தேடுவீர்கள்.

ஊசியும் அப்படித்தான். 15, 66, 99, 127, 128 எல்லாவற்றுக்கும் இப்போது கடையில் கிடைக்கும் சாதாரண வீட்டு மெஷின் ஊசியே சரி. ஆனால் 19ஆம் நூற்றாண்டின் 12ஆம் மாடலுக்குத் தனி ஊசி. அதைத் தேடி வாங்காமல், கிடைத்ததை வளைத்துப் பொருத்துவது ஷட்டிலைச் சுரண்டும்.

சிங்கர் மாதிரியே இருப்பதெல்லாம் சிங்கரும் அல்ல. 1930களில் கல்கத்தாவில் ஜே இன்ஜினியரிங் நிறுவனம் தொடங்கிய உஷாவும், லூதியானாவில் தயாரான எத்தனையோ மெஷின்களும் 15இன் வடிவத்தைப் பின்பற்றியவை. அவை மோசம் என்று அர்த்தமில்லை. தைக்க வேண்டும் என்பவருக்கு நல்ல பழைய உஷா, நொறுங்கிய சிங்கரைவிட எவ்வளவோ மேல். சிங்கர் விலை கொடுத்து வேறொன்றை வாங்காமல் இருந்தால் சரி. தங்க எழுத்து தடிமனான பிளாஸ்டிக் ஸ்டிக்கராக நகத்தில் தட்டுப்பட்டால் மேலே புது பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள்.

அழகை அழிக்கும் சுத்தம்

பெரும்பாலான மெஷின்கள் நாசமாவது இந்த இடத்தில்தான். கறுப்புப் பூச்சின் மேல் தங்க வேலைப்பாட்டை ஒட்டி, அதற்கு மேல் மெல்லிய பாதுகாப்புப் பூச்சு கொடுத்திருப்பார்கள். பழைய மெஷின்களில் அந்தப் பூச்சு பெரும்பாலும் அரக்கு. தச்சர் போடும் பிரெஞ்ச் பாலிஷின் அதே சரக்கு. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். எனவே ஸ்பிரிட், சானிடைசர், தின்னர், நெயில் பாலிஷ் அழிப்பான் எதுவும் அருகில் வரக் கூடாது. துணியில் முதலில் மஞ்சள் அழுக்கு வரும், மகிழ்ச்சியாக இருக்கும். அடுத்த துடைப்பில் தங்கம் வரும். கண்ணாடி துடைக்கும் அம்மோனியா கலந்த திரவமும் வேண்டாம், தங்கம் வெளுத்து வெள்ளி நிறமாகிவிடும். பாத்திரம் தேய்க்கும் நார் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பாதுகாப்பான வழி சலிப்பூட்டும் அளவுக்குச் சுலபம். மெஷின் ஆயிலை மெல்லிய பருத்தித் துணியில் நனைத்துத் தடவி, கொஞ்ச நேரம் விட்டு, அழுத்தாமல் துடைக்க வேண்டும். முதலில் பின்பக்கம் யாரும் பார்க்காத மூலையில் சோதித்துப் பாருங்கள். நாலைந்து நாள் திரும்பத் திரும்பச் செய்தால் பளபளப்பு தானாகத் திரும்பும். தேய்ந்துபோன இடம் தேய்ந்தே இருக்கட்டும். எத்தனையோ வருடம் துணி உராய்ந்து தங்கம் போயிருக்கிறது, அதை மறைக்க மெஷின் முழுவதும் ஸ்பிரே அடிப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. பூச்சு மொத்தமாக உரிந்து துருப்பிடித்த மெஷின் என்றால் வேறு பேச்சு.

மேஜைப் பலகைக்கும் இதே பொறுமை வேண்டும். மேலே தெரிவது பல சமயம் தாள் கனத்தில் ஒட்டிய மரத்தகடுதான். தண்ணீர் ஊற்றிக் கழுவி வெயிலில் காயப்போட்டால் எழும்பிவிடும்.

சுற்றாத வீலோடு மல்லுக்கட்டாதீர்கள்

வீல் இறுகியிருந்தால் முதலில் பாபின் பக்கத்தைத் திறந்து நூல் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். பாதி மெஷின்கள் அங்கேயே விடுதலையாகிவிடும். பிறகு துணியை நகர்த்தும் பற்களுக்கு மேல் இருக்கும் தகட்டைக் கழற்றுங்கள். பற்களுக்கு இடையில் நூல் தூசி கம்பளி போல அழுந்தி, மெஷினின் ஒரு பாகம்தானோ என்று நினைக்கும்படி கெட்டியாக இருக்கும். ஊசியால் கிளறி எடுக்க வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் உலோகம் உலோகத்தோடு உரசும் ஒவ்வொரு மூட்டிலும் ஓரிரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். பூச்சின் மேல் வழிந்தால் உடனே துடைத்துவிடுங்கள். மறுநாள் வீலை முன்னும் பின்னும் லேசாக ஆட்டிப் பாருங்கள். ஹேர் டிரையரில் கொஞ்சம் சூடு காட்டினால் பிசின் இளகும். சுத்தியலோ நீளமான கம்பியை நெம்புகோலாக வைப்பதோ கூடாது. வார்ப்பிரும்பு வளையாது, உடையும்.

இளகிய பிறகு மண்ணெண்ணெயோடு நிறுத்திவிடுவதும் தவறு. அது அழுக்கைக் கரைக்கும், தேய்மானத்தைத் தடுக்காது. துரு இளக்கும் ஸ்பிரேயான டபிள்யூ.டி.40க்கும் இதே கதைதான். துடைத்துவிட்டு தையல் மெஷின் ஆயில் விட வேண்டும். தேங்காய் எண்ணெயையோ சமையல் எண்ணெயையோ விட்டு வைத்த வீடுகளில்தான் இந்தப் பிசின் பிரச்சினையே அதிகம். எண்ணெய் விட்டதும் கழிவுத் துணியில் கொஞ்ச நேரம் தைத்து, மிச்ச எண்ணெயைத் துணிக்கு வரவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் ஜாக்கெட் துணி வீணாகும்.

ஸ்க்ரூவைத் தொடுமுன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிளவில் சரியாக உட்காரும் திருப்புளி வேண்டும், ஒல்லியானதை வைத்துத் திருகினால் தலை சிதையும். தொலைந்த ஸ்க்ரூவுக்குப் பதிலாக ஹார்டுவேர் கடையில் ஒன்றை வாங்கி அழுத்தித் திருகவும் வேண்டாம். சிங்கரின் மரை அளவுகள் பல இடங்களில் அவர்களுக்கே உரியவை, மெஷினின் மரைதான் அழியும். பழைய மெஷின் பிரித்து விற்கிறவர்களிடம் கேளுங்கள், கிடைக்கும்.

அதிகம் பேர் குழம்பும் இடம், வீலுக்கு நடுவே இருக்கும் வட்டக் குமிழ். பாபினில் நூல் சுற்றும்போது அதைத் தளர்த்தினால் வீல் மட்டும் சுற்றும், ஊசி நிற்கும். அதைக் கழற்றிச் சுத்தம் செய்தால் உள்ளே காது வைத்த ஒரு வளையம் வரும். திரும்பப் போடும்போது உள்காதுகள் வெளிப்பக்கம், அதாவது உங்களைப் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் குமிழைத் தளர்த்தினாலும் ஊசி நிற்காது, அல்லது இறுக்கினாலும் பிடிக்காது. மெஷின் கெட்டுவிட்டது என்று மூலையில் தள்ளிய சில மெஷின்களின் முழு நோயும் இந்த ஒரு வளையம்தான்.

தைத்துப் பார்க்கும்போது

துணியின் அடியில் நூல் கொத்தாகச் சிக்கினால் எல்லோரும் கீழே இருக்கும் பாபின் கேஸின் குட்டி ஸ்க்ரூவைத் திருகப் போவார்கள். பெரும்பாலும் தப்பு மேல்நூலில் இருக்கும். துணியை அழுத்தும் ஃபுட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு மேல்நூலைக் கோத்தால்தான் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே அது ஒழுங்காக உட்காரும். ஊசியில் நீளமான பள்ளம் உள்ள பக்கத்திலிருந்து நூல் நுழைய வேண்டும். மாடலுக்கு மாடல் அது இடமோ வலமோ மாறும், தலைகீழாகப் போட்டால் தையலே விழாது. வீலை எப்போதும் உங்களை நோக்கிச் சுற்றுங்கள். கால் மெஷினில் பெடலைத் தப்பாக மிதித்துப் பின்னோக்கிச் சுழன்றால் நூல் உள்ளே சுருண்டு பூட்டிக்கொள்ளும். தோல் பெல்ட் நழுவாத அளவுக்கு இறுக்கமாக இருந்தால் போதும். வீணை நரம்பு மாதிரி இழுத்துக் கட்டினால் கால்தான் வலிக்கும்.

மோட்டார் வைத்த பழைய மெஷின் என்றால், அதை நேராக பிளக்கில் செருக வேண்டாம். உறவினர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்ததாக இருந்தால் மோட்டார் தகட்டில் 110 வோல்ட் என்றிருக்கும், நம் 230 வோல்ட்டில் உடனே புகையும். இங்கேயே வாங்கியதாக இருந்தாலும் வயரின் மேலுறை பொடிப்பொடியாக உதிரும் நிலையில் இருக்கலாம். வெளியே தொங்கும் மோட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு கால் ஸ்டாண்டில் ஓட்டிக்கொள்ளலாம். மெஷின் உடலோடு சேர்ந்த மோட்டார் என்றால், வயர் மாற்றத் தெரிந்தவரிடம் காட்டிய பிறகே மின்சாரம் கொடுங்கள்.