படகு கார் பட்டிமன்றம்: அமெரிக்கக் கார்களைப் பற்றி வாதாடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய தொடர்கதைகளில் பணக்காரர் வந்து இறங்குவது 'படகு போன்ற கார்' ஒன்றிலிருந்துதான். அங்கே அது பாராட்டு. கார்ப் பைத்தியங்கள் கூடும் இடத்தில் ஒரு அமெரிக்க வண்டியைப் 'படகு' என்று சொல்லிப் பாருங்கள், கைகலப்பே வரும். வளைவில் ஒருபக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடி ஆடும் வண்டி என்று பொருள்.

சண்டையில் பாதி இந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ரைடையும் ஹேண்ட்லிங்கையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள். ரைடு என்பது பள்ளத்தில் முதுகுக்குத் தெரிவது. ஹேண்ட்லிங் வளைவில் கைக்குத் தெரிவது. 1956-ல் சட்டம் போட்டு, மாநிலங்களை இணைக்கும் இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலைகளை அமைக்கத் தொடங்கிய நாடு அமெரிக்கா. நூல் பிடித்தாற்போல் மணிக்கணக்கில் நேரே போகும் சாலைகள். 1974-ல் வேக வரம்பு 55 மைல் என்று நாடு முழுக்க வந்தது. அங்கே வண்டி வாங்கியவர் கேட்டது குலுங்காத இருக்கையை. கம்பெனிக்காரர் அதைத்தான் செய்து கொடுத்தார். மலைப்பாதைக்குப் பழகிய ஐரோப்பியக் காரோடு அதை வளைவில் ஓட்டிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வது, மாட்டு வண்டியை நீச்சலில் தோற்கடிப்பது போல.

அடுத்தது, கேள்விப்பட்ட ஒரு உதிரிப்பாகத்தின் பெயரை வைத்தே முடிவு கட்டுவது. ஷெவர்லேயின் ஸ்போர்ட்ஸ் காரான கார்வெட்டைக் காட்டி, 'கார்வெட்டில் லாரிக்குப் போடுகிற லீஃப் ஸ்பிரிங்தானே (பட்டை ஸ்பிரிங்)?' என்று கேட்டுவிட்டு ஜெயித்த முகத்தோடு உட்காருவார்கள். லாரியில் அந்தப் பட்டைகள் நீளவாக்கில் கிடக்கும்; எடையையும் தாங்கும், அச்சையும் இடம் நகராமல் பிடித்துக்கொள்ளும். 1963 கார்வெட்டில் பின்பக்கம் வந்த ஸ்பிரிங் குறுக்கே கிடந்தது. சக்கரத்தைப் பிடிக்கும் வேலையைத் தனிக் கம்பிகளும் 'ஆர்ம்' என்ற தண்டுகளும் பார்த்துக்கொள்ள, அது ஸ்பிரிங் வேலையை மட்டும் பார்த்தது. 1981-லிருந்து அது கண்ணாடியிழையால் ஆன ஒற்றைப் பட்டை. பழைய எஃகு அடுக்கின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். தரைக்குப் பக்கத்திலேயே கிடந்ததால் வண்டியின் எடையும் தாழ்வாக நின்றது. 2019 வரை இந்த ஏற்பாடு ஓடியது என்றால் சும்மா ஓடியிருக்காது.

ஃபோர்டின் மஸ்டாங் கார் விஷயத்தில் எதிராளிக்குக் கொஞ்சம் நியாயம் உண்டு. 2015 மாடல் வரும்வரை பெரும்பாலான மஸ்டாங்குகளில் பின்பக்கம் ஒரே துண்டு அச்சுதான். ஒரு சக்கரம் குழியில் இறங்கினால் மற்றதும் துள்ளும். ஆனால் அந்த அச்சோடுதான், வளைவுக்குப் பேர்போன ஜெர்மன் கார் பிஎம்டபிள்யூ எம்3-ஐ இலக்காக வைத்து 2012-ல் பாஸ் 302 என்ற மஸ்டாங்கை உருவாக்கினார்கள். இன்னொன்றும் பலருக்கு நினைவில் இல்லை. திரவத்தில் இரும்புத் துகள் கலந்து, மின்காந்தத்தால் நொடிக்குள் இறுக்கித் தளர்த்தும் ஷாக் அப்சார்பர் முதலில் வந்தது அமெரிக்கச் சொகுசுக் காரான கேடிலாக்கில், 2002-ல். ஃபெராரி அதைப் பிறகுதான் எடுத்துக்கொண்டது. 2008-ல் கேடிலாக்கின் சிடிஎஸ்-வி என்ற மாடல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தை 8 நிமிடத்துக்குள் சுற்றியது. படகு எட்டு நிமிடத்தில் அந்த எழுபது சொச்சம் வளைவைக் கடக்காது.

தோற்றத்தைப் பற்றிய வாதம்தான் இருப்பதிலேயே மோசமாக நடக்கிறது. ரசனைக்குத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் சட்டம் செய்த வேலைக்கு டிசைனரைத் திட்டக் கூடாது. 1940-லிருந்து 1983 வரை அமெரிக்காவில் முன்விளக்கு என்றால் சட்டம் சொன்ன வடிவத்தில், சொன்ன அளவில் மூடி முத்திரையிட்ட விளக்குதான். 1973 மாடலிலிருந்து மணிக்கு 5 மைல் மோதலைத் தாங்கும் முன் பம்பர் கட்டாயம். அந்தக் கால மெர்சிடஸ் எஸ்எல்லின் ஜெர்மன் படத்தையும் அமெரிக்கப் படத்தையும் அருகருகே வையுங்கள். ஒன்றில் வழுவழுப்பான ஒரே கண்ணாடி விளக்கு, ஒட்டிய பம்பர். மற்றதில் பக்கத்துக்கு இரண்டு உருண்டைக் கண்கள், திண்ணை போல நீட்டிய பம்பர். அதே கார்தான்! என் கட்சியையும் சொல்லிவிடுகிறேன்: 1959 கேடிலாக்கின் வால் துடுப்பு எனக்கு ஆகாது. 1963 கார்வெட்டின் பின்கண்ணாடி நடுவே முதுகெலும்பு போல ஓடும் பட்டைக்கு நான் அடிமை. பின்னால் வருவது தெரியவில்லை என்று மறு வருடமே அதை எடுத்துவிட்டார்கள் என்பதும் தெரியும்.

உள்ளே வந்தால் குறை சொல்பவர் பக்கம்தான் நான். 2000-களில் வந்த பல அமெரிக்க வண்டிகளின் டேஷ்போர்டு தட்டினால் பக்கெட் போலச் சத்தமிடும். இங்கேயும் ஒரு தவறு நடக்கிறது: கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு 'தரம் இல்லை' என்பது. விலை உயர்ந்த ஜெர்மன் காரிலும் முழங்காலுக்குக் கீழே கெட்டிப் பிளாஸ்டிக்தான். கை படும் இடத்தில் என்ன இருக்கிறது, இரண்டு துண்டு சேரும் இடத்தில் இடைவெளி ஒரே சீராக இருக்கிறதா, சில வருஷம் வெயிலில் நின்றபின் கிறீச்சிடுகிறதா — இவை மூன்றும் மூன்று கேள்விகள். விலையையும் வருஷத்தையும் சொல்லாமல் எந்தக் கேள்விக்கும் பதில் கிடையாது. 2005 மாடலைப் பார்த்துவிட்டு 2019-ன் ராம் 1500 பிக்கப்பைப் பற்றிப் பேசினால், அதன் உள்ளே ஒருமுறை உட்கார்ந்தவர் சிரிப்பார்.

கடைசியாக, எது அமெரிக்கக் கார்? டொயோட்டா கேம்ரி 1988 முதல் கென்டக்கியில் தயாராகிறது. மறைமலைநகரிலிருந்து வந்த ஃபோர்டு ஐகானின் அடிப்படை ஐரோப்பிய ஃபியஸ்டா. இதையெல்லாம் ஒருநாள் டீக்கடையில் அளந்துகொண்டிருந்தபோது நண்பர் ஒருவர் எழுந்து போய்த் தன் ஷெவர்லே ஸ்பார்க்கின் பானெட்டைத் தட்டினார். "என்னதான் சொல்லுங்க, அமெரிக்கன் டிசைன் அமெரிக்கன் டிசைன்தான்!" கொரியாவின் டேவூ மாட்டிஸ்தான் அது, அதன் முதல் உருவத்தை வரைந்தது இத்தாலிக்காரர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். டீக்கு அவர்தான் காசு கொடுத்திருந்தார். விட்டுவிட்டேன்.