நிறுத்திவைத்த காரின் பேட்டரிக்குச் சோலார்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெல்டா ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதியை உறை போர்த்தியே கழிக்கும் கார்கள் ஏராளம். உரிமையாளர் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருப்பார். கார் திருவாரூர்ப் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் நிற்கும். பொங்கலுக்கு வந்து சாவியைத் திருகினால் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இதற்காகச் சிறிய சோலார் பேனல் ஒன்றை வாங்கி மாட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. நல்ல யோசனைதான். ஆனால் பேனலிடம் எதை எதிர்பார்க்கிறோம் என்பதிலேயே பலருக்குத் தடம் புரண்டுவிடுகிறது.

சோலார் சார்ஜர் செத்த பேட்டரியை எழுப்பாது; நிறைந்த பேட்டரி இறங்கிவிடாமல் காக்கத்தான் அது. சிறிய பெட்ரோல் கார்களில் 35 ஏ.எச். (ஆம்பியர்-மணி, பேட்டரி தேக்கும் மின்சாரத்தின் அளவு) பேட்டரி இருக்கும். அது பாதி இறங்கியிருந்தால் 17 ஏ.எச். திரும்ப ஏற வேண்டும். 10 வாட் பேனல் உச்சி வெயிலில் அரை ஆம்பியரைச் சற்றே தாண்டும். தெளிந்த வானம் இருந்தால் ஒரு நாளைக்கு இரண்டரை ஏ.எச். தேறலாம். அதிலும் கார் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. பூட்டி நிறுத்திய காரிலும் அலாரம், கடிகாரம், எஞ்சின் கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்து 20 முதல் 50 மில்லிஆம்பியர் வரை இழுத்துக்கொண்டே இருக்கும். 50 என்று வைத்தால் நாளொன்றுக்கு 1.2 ஏ.எச். போய்விடும். தனியாக ஜி.பி.எஸ். கருவி பொருத்தியிருந்தால் இன்னும் கூடும். ஆக, பாதி காலியான பேட்டரிக்கு இந்தப் பேனல் ஆனைப் பசிக்குச் சோளப்பொரி. அது மெல்ல மெல்ல ஏறி முடிப்பதற்குள் ஈயத் தகடுகளில் சல்பேட் இறுகிப் படிந்துவிடும். முதலில் வீட்டுக் கரண்ட்டில் இயங்கும் சார்ஜரில் முழுதாக ஏற்றுங்கள்; சார்ஜரைக் கழற்றிச் சில மணி நேரம் கழித்து அளந்தால் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். பேனலை மாட்டுவது அதற்குப் பிறகு.

அடுத்தது இடம். டாஷ்போர்டில் வைக்கும் ஒன்றரை வாட் பேனல்களைப் பார்த்திருப்பீர்கள். நேர் வெயிலிலேயே அவை தருவது 80, 90 மில்லிஆம்பியர்தான். கொட்டகைக்குள் நிற்கும் காரில், கண்ணாடிக்குப் பின்னால், அதற்கு மேல் உறையும் போர்த்திவிட்டு அதை வைப்பதில் என்ன பயன்? காருக்கு நிழல் வேண்டும், பேனலுக்கு வெயில் வேண்டும்; எனவே பேனல் கொட்டகைக் கூரையின் மேல் போக வேண்டும், கம்பி கீழே இறங்க வேண்டும். கூரையிலும் தென்னை நிழல் விழாத இடமாகப் பாருங்கள். பேனலின் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர் இணைப்பில் இருப்பதால், ஒரு கீற்றின் நிழல் குறுக்கே விழுந்தாலே மொத்த உற்பத்தியும் படுத்துவிடும்.

சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகிவிட்டு நிம்மதியாக விமானம் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். பல கார்களில் சாவியை எடுத்தவுடன் அந்தச் சாக்கெட்டுக்கும் பேட்டரிக்கும் தொடர்பு அறுந்துவிடும். பேனல் வெயிலில் காயும், பேட்டரிக்கு ஒரு சொட்டும் போகாது. சாவியை எடுத்த பிறகு அங்கே போன் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். விளக்கு எரியாவிட்டால் பேட்டரி முனைகளுக்கே நேரடியாக இணைக்க வேண்டும். பிளஸ் கம்பியில், பேட்டரிக்கு வெகு அருகில், ஒரு ஃபியூஸும் வேண்டும்.

பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே சார்ஜைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் இல்லாமல் இணைப்பதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு என்பேன். '12 வோல்ட் பேனல்' என்று விற்பதன் திறந்த முனை வோல்டேஜ், அதாவது எதிலும் இணைக்காதபோது காட்டும் வோல்டேஜ், 21, 22 வரை போகும். நிறைந்த பேட்டரிக்குள் 10, 20 வாட் பேனல் தினமும் தடையின்றித் தள்ளிக்கொண்டிருந்தால் உள்ளே தண்ணீர் வாயுவாகப் பிரிந்து வற்றும், தகடு கெடும். அதில் கிளம்பும் ஹைட்ரஜன் தீப்பற்றக்கூடியது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் தடுப்பு டயோடும் இல்லையென்றால், பகலில் ஏறியதில் கொஞ்சம் இரவில் பேனல் வழியாகவே திரும்பக் கசியும். ஒன்றிரண்டு வாட் பேனலுக்கு டயோடு மட்டும் போதும். அதற்கு மேல் என்றால் கன்ட்ரோலர் கட்டாயம். கன்ட்ரோலரில் மாட்டும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல்; கழற்றும்போது நேர்மாறு. லித்தியம், ஈய அமிலம் என்று தேர்வு செய்யும் வசதி இருந்தால் ஈய அமிலத்தில் வையுங்கள். கன்ட்ரோலரைக் கூரை வெயிலில் தொங்கவிடாமல் பேட்டரிக்குப் பக்கத்தில் நிழலில் வைப்பது முக்கியம். சூடு கூடக் கூட பேட்டரிக்குத் தர வேண்டிய வோல்டேஜ் குறைய வேண்டும். வெப்பத்தை உணர்ந்து அதைக் குறைக்கும் கன்ட்ரோலர், பேட்டரி இருக்கும் சூட்டிலேயே இருந்தால்தான் சரியாக வேலை செய்யும். சித்திரை வெயிலில் இந்த வித்தியாசம் சிறிதல்ல.

மே மாதத்தில் சோதித்துப் பார்த்துவிட்டுப் போதும் என்று முடிவு கட்டாதீர்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் நாள் கணக்கில் சூரியனே தெரியாது. பேனலின் அளவை அந்த மாதங்களை மனத்தில் வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். டெல்டா ஏறத்தாழ 11 டிகிரி வடக்கில் இருக்கிறது. பேனலைத் தெற்கு நோக்கி 10, 15 டிகிரி சாய்த்தால் மழையே புழுதியைக் கழுவிவிடும். காக்கை எச்சத்துக்கும் அறுவடைத் தூசுக்கும் துணி வேண்டும், ஆள் வேண்டும். கம்பியால் சுற்றிக் கட்டாமல் போல்ட் போட்டு இறுக்குங்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையேறியதைப் பார்த்த நாகை, வேதாரண்யம் பக்கத்து ஆட்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. அவர்களுக்கு வேறொரு தொல்லை, உப்புக் காற்று. பேட்டரி முனைகளில் பூக்கும் பச்சைக் களிம்பைத் துடைத்து வாசலின் தடவி வைக்க வேண்டும்.

அறுவடை முடிந்ததும் வயலெலிகள் புகலிடம் தேடும். பானெட்டுக்குள் தொங்கும் கம்பி அவற்றுக்கு வசதி, பி.வி.சி. குழாய்க்குள் விட்டு இறக்குங்கள்.

ஊரில் இருக்கும் மைத்துனரிடம் மீட்டரைக் கொடுத்துப் பேட்டரி வோல்டேஜை அளக்கச் சொல்லும்போது, நேரத்தையும் சொல்லிவிடுங்கள். மதியம் பேனல் இணைந்திருக்கும்போதே அளந்தால் 13.5 வோல்ட் காட்டும். அது சார்ஜ் ஏற்றும் வோல்டேஜ், பேட்டரியின் நிலை அல்ல. பொழுது விடியுமுன் அளந்து 12.4-க்குக் கீழே இருந்தால் எங்கோ கோளாறு. திறந்து பார்க்கக்கூடிய பேட்டரியாக இருந்தால் தண்ணீர் மட்டத்தையும் அவரே பார்க்கட்டும். ஆனால் போர்வெல் தண்ணீரை ஊற்றிவிடப் போகிறார், டிஸ்டில்டு வாட்டர் பாட்டிலை வாங்கிக் கையில் கொடுத்துவிட்டே போங்கள்.

இவ்வளவு ஏற்பாடு எல்லோருக்கும் தேவையா என்றால், இல்லை. அலாரமோ ஜி.பி.எஸ். கருவியோ ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய கட்டாயம் இல்லையென்றால், முழுதாக ஏற்றிய பேட்டரியின் மைனஸ் கம்பியைக் கழற்றிவைத்தாலே இரண்டு மூன்று மாதம் தாங்கும். பத்து எண் ஸ்பேனர் ஒன்று போதும். ரேடியோவுக்கு ரகசிய எண் (code) இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். சென்ட்ரல் லாக் வேலை செய்யாது என்பதால், ஓட்டுநர் கதவு சாவியால் திறக்கிறதா என்று கழற்றுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.