இரண்டு முயல்களைப் பழக்கும்போது காதையும் வாலையும் கவனியுங்கள்

இரண்டாவது முயல் வந்ததும் பலரும் செய்யும் தவறுகள் இரண்டு. ஒன்று மற்றொன்றின் மேல் ஏறியதுமே பதறிப் பிரித்துவிடுவது முதல் தவறு. இரண்டும் எதிரெதிரே அசையாமல் நின்றால், ‘சமாதானமாகிவிட்டன’ என்று நினைத்து அந்தப் பக்கம் போய்விடுவது இரண்டாவது. பயப்பட வேண்டியது அந்த அசையாத நிலைக்குத்தான்.

முதலில் இரண்டுக்கும் கருத்தடை அறுவை சிகிச்சை முடிந்திருக்க வேண்டும். ஆண் முயலுக்கு அறுவைக்குப் பிறகும் சில வாரங்கள் சினைப்படுத்தும் திறன் இருக்கும். கருத்தடை ஆகாத பெண்ணிடமிருந்து 6 வாரம் தள்ளி வைப்பதே பாதுகாப்பு. ஒரே ஈற்றுக் குட்டிகளுக்கும் விலக்கு இல்லை. 3, 4 மாதத்தில் பருவம் வந்ததும் அவையும் கடித்துக்கொள்ளும்.

அடுத்து, இரண்டு கூண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நடுவில் 5 முதல் 10 செ.மீ. இடைவெளி வேண்டும். கம்பிகள் ஒட்டியிருந்தால் மூக்கும் விரலும் கடிபடும். ஓரிரு நாளுக்கு ஒருமுறை கழிவுத் தட்டுகளை மாற்றி வைத்தால் ஒன்றின் வாசனை மற்றொன்றுக்குப் பழகும். கம்பியோரம் படுத்து, ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் தின்னத் தொடங்கினால் நேரில் விடலாம். ஒரு வாரத்திலும் நடக்கும், மாதக்கணக்கிலும் இழுக்கும்.

நேரில் விடும் இடம் இரண்டுமே இதுவரை கால் வைக்காததாக இருக்கட்டும். ஏறத்தாழ 1.5 மீட்டர் சதுரம் போதும். வழுக்காத விரிப்பு, நடுவில் பரவலாகக் காய்ந்த புல், இரண்டு தண்ணீர்க் கிண்ணங்கள் வையுங்கள். ஒரே வாசல் உள்ள பெட்டி, குகை எதுவும் வேண்டாம். உள்ளே மாட்டிக்கொண்ட முயல் தப்ப வழியின்றிக் கடிக்கும். கையில் தடித்த உறையும் ஓர் அட்டைத் துண்டும் தயாராக இருக்கட்டும்.

இனி உடல்மொழி. காது முன்னோக்கி நிமிர்ந்தால் ஆர்வம். உடல் தளர்ந்து, காது முதுகின் மேல் சாய்ந்து கிடந்தால் ஓய்வு. அதே காது பின்னால் இறுக்கமாக மடங்கி, வால் விறைத்து மேலே எழுந்து, முகவாய் முன்னே நீண்டால் அடுத்த நொடி பாய்ச்சல். காதை மட்டும் பார்த்தால் ஓய்வையும் கோபத்தையும் குழப்பிக்கொள்வோம். வாலையும் சேர்த்தே படிக்க வேண்டும். தொங்குகாது முயலில் இது இன்னும் கடினம். அங்கே காதின் அடிப்பகுதி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பாருங்கள்.

மேலே ஏறுவது பெரும்பாலும் யார் பெரியவர் என்று தீர்த்துக்கொள்ளும் முயற்சி. பெண் முயலும் செய்யும். கீழே இருப்பது தட்டையாகப் படுத்துப் பொறுத்துக்கொண்டால் 10, 15 நொடி விட்டுவிட்டு மெல்லத் தள்ளிவிடுங்கள். தலைப் பக்கமாக ஏறினால் மட்டும் ஒரு நொடிகூடத் தாமதிக்கக் கூடாது. கீழே உள்ளது கடித்தால் பிறப்புறுப்பில் கடும் காயம் ஏற்படும்.

ஒன்று துரத்த மற்றொன்று ஓடி, சற்று நேரத்தில் இரண்டும் நின்றுவிட்டால் கவலையில்லை. ஓரிரு முடிக்கற்றை உதிர்வதும் சகஜம். விடாமல் துரத்தினாலோ, ஓடுவது வேலி தாண்டக் குதித்தாலோ அன்றைக்குப் போதும். ஒன்றின் வாலருகே மற்றொன்றின் மூக்காக இரண்டும் வட்டமாகச் சுழலத் தொடங்கினால் உடனே நடுவில் அட்டையைச் செருகுங்கள். அந்தச் சுழற்சி சண்டையாக மாறச் சில நொடிகளே ஆகும்.

தலையைத் தாழ்த்தித் தரையோடு வைப்பதைப் பணிவு என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது ‘என்னை நக்கிவிடு’ என்ற அதிகாரம்! இரண்டுமே தாழ்த்திக்கொண்டு, எதுவும் நக்காவிட்டால் கோபித்த ஒன்று கடித்துவிடும். அந்த நேரத்தில் இரண்டின் நெற்றியையும் ஒருசேரத் தடவுங்கள்.

அசையாமல் குந்தியிருக்கும் முயலின் கண்ணையும் மூக்கையும் பாருங்கள். கண் பிதுங்கி வெள்ளை தெரிந்து, மூக்கின் துடிப்பு நின்றிருந்தால் அது பயத்தில் உறைந்திருக்கிறது. மூக்கு நிதானமாகத் துடிக்க, முதுகைக் காட்டி உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டால், அல்லது பின்னங்காலை நீட்டித் தொப்பென்று பக்கவாட்டில் சாய்ந்தால், அதைவிட நல்ல அறிகுறி கிடையாது. காரில் ஏற்றிச் சுற்றினால் ஒட்டிக்கொள்ளும் என்று சொல்வார்கள். ஒட்டிக்கொள்வது நடுக்கத்தால்தான், அதை நட்பென்று எண்ண வேண்டாம்.

முதல் நாள் 10, 15 நிமிடம் போதும். அமைதியாக இருக்கும்போதே முடித்துவிட்டு, நாளுக்கு நாள் நீட்டுங்கள். முடி பறக்க உருண்டு சண்டையிட்டால் வெறுங்கையை நுழைக்காதீர்கள். துணித் துண்டைப் போட்டுப் பிரித்துவிடுங்கள். பிறகு முடியை விலக்கிக் காது, இமை, வயிறு, பிறப்புறுப்பு என எல்லா இடமும் பாருங்கள். சிறு பல் துளை மேலே மூடிக்கொண்டு உள்ளே சீழ் வைக்கும். காயம் இருந்தால் மருத்துவரிடம் காட்டிவிட்டு, மறுபடி பக்கத்துக் கூண்டு நிலையிலிருந்து தொடங்குங்கள். பதற்றத்தில் ஏதாவது ஒன்று 12 மணி நேரம் தின்னாமலோ புழுக்கை போடாமலோ இருந்தால் காத்திருக்காதீர்கள். குடல் இயக்கம் நின்றால் உயிருக்கே ஆபத்து.

48 மணி நேரம் உங்கள் கண்பார்வையில் துரத்தலோ கடியோ இல்லாமல், ஒரே புல் குவியலில் தின்று, சேர்ந்து படுத்தால் நிரந்தர இடத்துக்கு மாற்றலாம். மாற்றுமுன் அந்த இடத்தைத் தண்ணீர் கலந்த வினிகரால் துடைத்துப் பழைய வாசனையைப் போக்குங்கள். முழு அறையையும் உடனே திறந்துவிடாமல் சிறிது சிறிதாக இடத்தை விரிவாக்குங்கள். பின்னாளில் ஒன்றை மட்டும் மருத்துவரிடம் கொண்டுபோக நேர்ந்தாலும் இரண்டையும் சேர்த்தே கூட்டிப்போங்கள். வேற்று வாசனையோடு திரும்பும் ஜோடியை வீட்டில் இருந்தது அந்நியனாக நினைத்து அடிக்கக்கூடும்.