தேய்ந்த பட்டன் டயரா? வெட்டுவதற்கு முன் திருப்பிப் போடுங்கள்

மண் பாதையில் பைக்கின் பின் டயர் வழுக்க ஆரம்பித்ததும் புது டயர் தேட வேண்டியதில்லை. குனிந்து ஒரு பட்டனை, அதாவது டயரில் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டையைப் பாருங்கள். ஆக்சிலரேட்டரை முறுக்கும்போது தரையைக் கடிக்கும் விளிம்புதான் மழுங்கியிருக்கும். எதிர்ப்பக்க விளிம்பு பெரும்பாலும் கூராகவே இருக்கும். டயரைத் திசை மாற்றிப் போட்டால் அது வேலைக்கு வரும், துளி ரப்பர்கூட வீணாகாது.

பட்டனின் அடியில் வெடிப்போ, பக்கச்சுவரில் வெட்டோ இருந்தால் இந்த டயரை விட்டுவிடுங்கள். தார்ச்சாலையிலும் ஓடும் வண்டி என்றால் டயரில் உள்ள அம்புக்குறியை மீற வேண்டாம். இது மண்ணில் மட்டும் ஓடும் வண்டிக்கான வேலை.

சக்கரத்தைக் கழற்றி, வால்வு பின்னை எடுத்துக் காற்றை முழுக்க இறக்குங்கள். டயர் ரிம்மில் நகராமல் பிடித்து வைக்கும் ரிம் லாக்கின் நட்டைத் தளர்த்தி, லாக்கை உள்ளே தள்ளுங்கள். இரு பக்கமும் டயரின் ஓரத்தை ரிம்மிலிருந்து மிதித்து விடுவித்து, சோப்புத் தண்ணீர் தடவுங்கள்.

இனிதான் பலர் திணறுவது. டயரை நெம்பிக் கழற்றும் லிவரைப் போடும் இடத்துக்கு நேர் எதிரே, டயரின் ஓரத்தை ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் முழங்காலால் அழுத்தி வைத்திருக்க வேண்டும். அந்தப் பள்ளம் சுற்றளவில் சிறியது என்பதால் லிவர் பக்கம் தளர்வு கிடைக்கும். லிவர் கல்லு மாதிரி நின்றால் பலத்தைக் கூட்டாதீர்கள். எதிர்ப்பக்க ஓரம் பள்ளத்தை விட்டு ஏறிவிட்டது என்று அர்த்தம். திரும்ப மாட்டும்போதும் இதே விதிதான். நீளமான இரண்டு லிவரைவிடக் குட்டையான மூன்று லிவர்தான் எனக்குப் பிடிக்கும். நீளமானதில் பலம் அதிகம் போய் டியூபைக் கடித்துவிடும்.

டயரைத் திருப்பியதும் டியூபுக்கு உருவம் வருமளவு மட்டும் காற்று விட்டு மாட்டுங்கள். அப்புறம், டயரில் அச்சிட்ட உச்ச அளவைத் தாண்டாமல் காற்றடித்து, ரிம்மை ஒட்டிய கோடு சுற்றிலும் சமமாகத் தெரிகிறதா என்று பாருங்கள். சரி என்றால் ரிம் லாக்கை இறுக்கி, 12 முதல் 14 பிஎஸ்ஐக்கு இறக்குங்கள். பாறை அதிகம் என்றால் 14க்குக் கீழே போகாதீர்கள், டியூப் நசுங்கிப் பஞ்சராகும்.

அடுத்த விளிம்பும் மழுங்கிய பிறகுதான் வெட்டும் வேலை. கத்தி வழுக்கும், ரப்பரை வெட்டும் சூடான பிளேடு உள்ள குரூவர் என்ற கருவிதான் நல்லது. மழுங்கிய முனையை மட்டும் நேராகச் சீவுங்கள், பட்டனின் அடிவரை போகாதீர்கள். ஈரப் பாறைக்கு நடுப்பட்டன்களில் குறுக்கே மெல்லிய கீறல் உதவும். சேற்றுக்கு அது வேண்டாம்.

பின்சேர்க்கை: திருப்பிய பிறகு வால்வு சாய்கிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். டயர் ரிம்மில் நகர்ந்து டியூபை இழுக்கிறது, ரிம் லாக் போதுமான அளவு இறுகவில்லை. வால்வு நட்டை ரிம்மோடு சேர்த்து முறுக்காமல் மூடிப் பக்கம் ஏற்றி வையுங்கள். சாய்வு உடனே கண்ணில் படும், வால்வும் கிழியாது.