வாடிய செடிக்கெல்லாம் தண்ணீர் ஊற்றாதீர்கள்

மாடித்தோட்டம் புதிதாகத் தொடங்குபவர்கள், நாங்கள் அன்று செய்த தவறுகளையே திரும்பச் செய்கிறார்கள். வெயில் போதவில்லை, தண்ணீர் விட மறந்துவிட்டோம் என்பதையெல்லாம் செடியே காட்டிக்கொடுத்துவிடும். வேரில் நடக்கும் தவறு வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

ஈர மண்ணில் மேலும் ஈரம்

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. போன ஐப்பசி மழையில் பக்கத்துத் தெருப் பெண் ஒருவர் கூப்பிட்டார். கத்தரியும் தக்காளியும் இலை தொங்கி நின்றன. "காலையும் சாயங்காலமும் ஊத்துறேண்ணா, அப்பவும் வாடுது" என்றார். மண்ணுக்குள் விரலை விட்டேன், சேறு. தக்காளியைப் பிடுங்கினால் வேர் பழுப்பேறி, தொட்டதும் தோல் கழன்றது. அழுகல் வாடை.

நீரை உறிஞ்சுவதில் பெரும்பங்கு, வேர்நுனிக்குச் சற்று மேலே மெல்லிய முடிபோல் இருக்கும் வேர்த்தூவிகளுடையது. ஒவ்வொன்றும் ஒரே செல்லின் நீட்சி. மண்நீரில் இருப்பதைவிட அந்தச் செல்லுக்குள் உப்புகள் செறிவாக இருப்பதால் நீர் உள்ளே வருகிறது. இலை ஆவியாக விடுவது அதை மேலே இழுக்கிறது. உப்பைச் சேர்த்துவைக்க வேருக்கு ஆற்றல் வேண்டும், ஆற்றலுக்கு மூச்சு வேண்டும். மண்துளைகளில் காற்றுக்குப் பதில் நீர் நிறைந்துவிட்டால், ஆக்சிஜன் சுமார் 10,000 மடங்கு மெதுவாகத்தான் பரவும். மூச்சு முட்டிய வேர்ச்செல்கள் தங்கள் சவ்விலுள்ள நீர்வழிகளை மூடிக்கொள்ளும். தண்ணீருக்குள் நின்றபடியே செடி தாகத்தில் வாடும். அதைப் பார்த்து நாம் இன்னொரு குவளை ஊற்றுவோம்!

இரண்டு அங்குலம் விரலை விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் ஊற்றாதீர்கள். செடிப்பையின் அடித்துளை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். உச்சி வெயிலில் துவண்டு மாலையில் நிமிரும் செடிக்கு ஒன்றுமில்லை. இலை இழக்கும் வேகத்துக்கு வேர் ஈடுகொடுக்க முடியாத சில மணி நேரம் அது, அவ்வளவுதான். அந்தப் பெண்ணின் கத்தரிகளில் இரண்டு, தண்ணீரை நிறுத்தியதும் துளிர்த்தன. தக்காளி ஒன்றும் தேறவில்லை.

தொட்டியின் அடியில் ஜல்லி

வடிகால் என்று நினைத்துப் போடுகிறார்கள். மேல்மண் முழுக்க நிறைந்த பிறகே நீர் ஜல்லிக்குள் இறங்கும். அதுவரை வேர்தான் ஊறிக் கிடக்கும்.

நாற்றை உதறி நடுவது

தூவிகள் அறுந்துவிடும். தாய்மண்ணோடு, மாலையில் நடுங்கள்.

கை நிறைய ரசாயன உரம்

ரசாயன உரமும் உப்புதான். மண்நீரில் அது வேரில் இருப்பதைவிட மிஞ்சினால் வேரிலிருந்து நீர் வெளியேறும்.

தென்னையின் தூரிலேயே குழாயைப் போடுவது

இது தரையில் தென்னை வைத்திருப்பவர்களுக்கு. நீரை உறிஞ்சும் வேர்நுனிகள் தூரைவிட்டுத் தள்ளி இருக்கும். தூரிலிருந்து சுற்றிலும் 6 அடிக்கு வட்டப்பாத்தி எடுத்து, அது முழுக்க நனையவிடுங்கள்.