லென்ஸ் மேல் பழி போடுவதற்கு முன்

பழைய பிளேஸ்டேஷன் கேம் பெட்டி, டிஸ்க்கைப் படிக்காமல் திணறினால் எல்லோர் வாயிலும் முதலில் வருவது, "லென்ஸ் போயிடுச்சு." ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனாலும் பெரும்பாலும் அதே பதில்தான், மாற்றிவிடலாம் என்பார்கள். எனக்கு இதில் நிஜமாகவே வருத்தம் உண்டு. நான் திறந்து பார்த்த பல பெட்டிகளில் லேசர் உயிரோடுதான் இருந்தது. தூசி, காய்ந்த கிரீஸ், தேய்ந்த பிளாஸ்டிக் என்று காரணம் வேறு எங்கோ இருந்தது. முதல் பிளேஸ்டேஷன் (பிஎஸ்1) தயாரிப்பு 2006-லேயே நின்றுவிட்டது, அடுத்து வந்த பிளேஸ்டேஷன் 2 (பிஎஸ்2) 2013 தொடக்கத்தோடு முடிந்தது. இன்று புதிது என்று விற்கும் லேசர்களில் பெரும்பாலானவை நகல்கள். ஒன்று நன்றாக ஓடும், அடுத்தது ஓடாது. அதனால் உள்ளே இருக்கும் அசலைக் காப்பாற்ற வழி இருந்தால் காப்பாற்றிவிட வேண்டும்.

அந்த அசலைக் கொல்கிற பெரிய தவறு, எடுத்த எடுப்பில் குட்டி ஸ்க்ரூவில் கைவைப்பது. லேசர் யூனிட்டின் ஓரத்தில் மிளகு அளவில் ஒரு ட்ரிம்மர் இருக்கும். அதைக் கொஞ்சம் திருப்பினால் கேம் ஓடும் என்று காட்டும் வீடியோக்கள் ஏராளம். ஓடவும் செய்யும், ஆபத்தே அதில்தான். ஒளியை உண்டாக்கும் லேசர் டயோடுக்கு எவ்வளவு மின்னோட்டம் போக வேண்டும் என்பதை அந்த ட்ரிம்மர்தான் தீர்மானிக்கிறது. கூட்டினால் ஒளி பலமாகி, லென்ஸில் படிந்த தூசியையும் மீறிப் படித்துவிடும். ஆனால் தூசி இருந்த இடத்திலேயே இருக்கிறது, டயோடு மட்டும் கூடுதலாகச் சூடாகித் தேய்கிறது. சில வாரத்தில் மறுபடி திணறும், மறுபடி திருப்புவோம். ஒரு நாள் திருப்புவதற்கு மிச்சம் இருக்காது. எந்தப் பக்கம் திருப்பினால் கூடும் என்பதும் யூனிட்டுக்கு யூனிட் மாறும். கை கொஞ்சம் தாராளமாகப் போனால் டயோடு அங்கேயே எரிந்துவிடலாம். வேறு எல்லாம் செய்து பார்த்தும் முடியவில்லை, சரி, தொட்டே ஆக வேண்டும் என்றால், இருந்த நிலையைப் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். ரிப்பன் கேபிளைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரில் எத்தனை ஓம் காட்டுகிறது என்று எழுதி வைத்த பிறகு, மயிரிழை அளவுக்குத் திருப்புங்கள்.

அதற்கு முன்னால் செய்ய வேண்டியது துடைப்பது, அதிலும் தவறு நடக்கிறது. அந்த லென்ஸ் கண்ணாடி இல்லை, பிளாஸ்டிக். மெல்லிய கம்பிகளில் தொங்கிக்கொண்டிருக்கும் அதைக் காந்தமும் சுருளும் சேர்ந்து அசைக்கின்றன. சுழலும் டிஸ்க் ஒருபோதும் தட்டையாகச் சுழலாது, கொஞ்சம் ஏறி இறங்கும். லென்ஸ் அதன் கூடவே ஒவ்வொரு சுற்றிலும் ஏறி இறங்குகிறது. அதை விரலால் அழுத்தித் துடைத்தால் கம்பி வளைந்துவிடும். நெயில் பாலிஷ் ரிமூவரில் பெரும்பாலும் அசிட்டோன் இருக்கும், பட்டால் லென்ஸ் வெளுத்துப்போகும். பிரஷ் ஒட்டிய கிளீனிங் டிஸ்க்கும் வேண்டாம். சுழலும் வேகத்தில் அந்த பிரஷ் லென்ஸை அடித்துக்கொண்டே போகும். 90 சதவீதத்துக்கு மேல் உள்ள ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக் குச்சியை நனைத்து, சொட்டாமல் பிழிந்து, குச்சியின் எடை மட்டும் லென்ஸ் மேல் இருக்கும்படி நடுவிலிருந்து வெளியே வட்டமாகத் துடையுங்கள். அப்புறம் காய்ந்த குச்சியால் ஒரு முறை. சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவர்த்தி கொளுத்துகிற வீட்டில் லென்ஸ் மேல் படிவது வெறும் தூசி இல்லை, பிசுபிசுப்பான புகைப் படலம். ஊதினாலும் உலர்ந்த துணியால் துடைத்தாலும் அது போகாது.

துடைத்தும் படிக்கவில்லை என்றால், லேசரைச் சுமந்து முன்னும் பின்னும் போகும் வண்டி ஓடும் தடத்தைப் பாருங்கள். முதல் பிளேஸ்டேஷன் ஜப்பானில் 1994 டிசம்பரில் வந்தது. அதன் ஆரம்ப மாடல்களில் இந்த வண்டி பிளாஸ்டிக் தடத்தில் உரசிக்கொண்டு போகும், சூடு கக்கும் பவர் சப்ளையும் பக்கத்திலேயே இருக்கும். நாளாக ஆகப் பிளாஸ்டிக் தேய்ந்து வண்டி ஒரு பக்கம் சாயும், லேசரும் டிஸ்க்கை நேராகப் பார்க்காமல் சரிந்து பார்க்கும். இதற்கு முதல் அறிகுறி, விளையாட்டு ஓடும்போதே வீடியோக் காட்சிகள் மட்டும் விட்டுவிட்டு வருவது. சிடியில் தகவல் சுருளாகப் பதிந்திருக்கும், அதில் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி 1.6 மைக்ரான், அதாவது ஒரு தலைமுடியின் அகலத்துக்குள் நாற்பது சுற்று அடங்கும். இந்தக் கணக்கில் கண்ணுக்குத் தெரியாத சாய்வே போதும், படிப்பது தடுமாறும்.

பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் ஓடுகிறதே என்று பலர் அப்படியே விளையாடினார்கள். கவிழ்த்தால் வண்டி தேயாத பக்கத்தில் போய் உட்காரும், அவ்வளவுதான். அதைச் சிகிச்சை என்று நினைக்காமல் நோய் எங்கே என்று காட்டும் அடையாளமாக எடுத்துக்கொள்ளுங்கள். கவிழ்த்ததும் ஓடினால் லேசர் நன்றாக இருக்கிறது, தடம்தான் தேய்ந்திருக்கிறது. அப்போது ட்ரிம்மரைத் திருப்புவது நல்ல டயோடை வீணாக்கும் வேலை.

தடத்தில் எண்ணெய் விடுவது இன்னொரு தவறு. WD என்று ஆரம்பிக்கும் ஸ்ப்ரே, தையல் மெஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய் எதுவும் அங்கே ஆகாது. பரவி, தூசியைச் சேர்த்து, கடைசியில் லென்ஸ் வரை போய்விடும். மெழுகு போல இறுகிய பழைய கிரீஸை முழுதாகத் துடைத்து எடுத்துவிட்டு, பிளாஸ்டிக்கை அரிக்காத கிரீஸை மெல்லியதாகத் தடவினால் போதும்.

பிஎஸ்2-வில் டிஸ்க்கின் அடிப்பக்க நிறத்தைக் கவனியுங்கள். நீல அடி என்றால் சிடி, வெள்ளி அடி என்றால் டிவிடி. சிடிக்கு 780 நானோமீட்டர் ஒளி, டிவிடிக்கு 650. வெள்ளி நன்றாகப் படித்து நீலம் மட்டும் படிக்கவில்லை என்றால் இரண்டில் ஓர் ஒளி மட்டும் பலவீனமாகியிருக்க வாய்ப்பு உண்டு. பெரிய பிஎஸ்2-வைத் திறக்கிறவர்கள் லேசர் பக்கத்தில் உள்ள வெள்ளைப் பல்சக்கரத்தைத் தெரியாமல் நகர்த்திவிடுவார்கள். லேசரின் உயரத்தைச் சரிசெய்வது அதுதான், தொடுவதற்கு முன் அதையும் குறித்துவிடுங்கள்.

லேசரையே மாற்றும் நிலை வந்தால் ஒரு சிறு புள்ளியைப் பார்க்க வேண்டும். நான் வாங்கிய ஒரு புது லேசரைப் பொருத்தினேன், டிஸ்க் சுழலவே இல்லை. போலியை ஏமாற்றித் தந்துவிட்டார்கள் என்று இரண்டு நாள் மனம் நொந்தேன். பிறகு பூதக்கண்ணாடியில் பார்த்தால், யூனிட்டின் சின்ன சர்க்யூட் போர்டில் இரண்டு புள்ளிகளைச் சேர்த்துக் கடுகளவு ஈயம். நம் உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் பட்டாலே லேசர் டயோடு செத்துவிடும் என்பதால், பல லேசர்களைத் தொழிற்சாலையிலேயே இப்படி ஈயத்தால் இணைத்து அனுப்புவார்கள். ரிப்பன் கேபிளை மாட்டிய பிறகு அந்த ஈயத்தை எடுக்க வேண்டும். எடுத்தேன், உடனே ஓடியது. பிளாஸ்டிக் நாற்காலியில் தேய்த்துக்கொண்டே வேலை செய்யாமல், அவ்வப்போது எர்த் உள்ள உலோகம் எதையாவது தொட்டுக்கொள்ளுங்கள்.

மற்ற பெட்டிகளைப் பற்றிச் சுருக்கமாக. எக்ஸ்பாக்ஸ் 360-ஐ டிஸ்க் சுழலும்போது நகர்த்தவோ சாய்க்கவோ கூடாது, டிஸ்க்கில் வட்டக் கீறல் விழுந்துவிடும். அதன் டிரைவை மாற்றும்போது பழைய டிரைவின் போர்டைத் தூக்கிப் போடாதீர்கள். டிரைவும் மதர்போர்டும் ஒரே மின்னணுச் சாவியால் ஜோடி சேர்க்கப்பட்டவை, அந்தச் சாவி பழைய டிரைவின் போர்டில்தான் இருக்கிறது. டிரீம்காஸ்ட் விளையாட்டின் நடுவே தானாக ரீசெட் ஆனால், லேசரைச் சந்தேகிக்கும் முன் பவர் சப்ளையைப் போர்டோடு இணைக்கும் முள்களைத் துடையுங்கள்.

டிஸ்க்கை வட்டமாகத் துடைக்காமல் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள். தகவல் பதிந்த சுருள் தடத்தின் திசையில் சிடி பொறுத்துக்கொள்ளும் சேதம் ஏறக்குறைய 2.5 மில்லிமீட்டர்தான். குறுக்கே விழும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் சிறு துளியைத்தான் கெடுக்கும், வட்டக் கீறலோ தடத்தோடு நீண்டுகொண்டே போகும். சிடியில் தகவல் இருப்பது லேபிளுக்கு நேர் கீழே என்பதால், மேல்பக்கம் கீறினால் பாலிஷ் போட்டாலும் திரும்பாது. மூடியைத் திறந்து வைத்து, மூடி மூடியிருப்பதை உணரும் சுவிட்சைக் குச்சியால் அழுத்திப் பிடித்து லேசரை எட்டிப் பார்ப்பதும் வேண்டாம். 780 நானோமீட்டர் ஒளி கண்ணுக்கு மங்கலாகத் தெரிந்தாலும் தெரியும் அளவைவிடப் பலமானது.

பிஎஸ்1 என்றால், திருப்புளியை எடுப்பதற்கு முன் ஒரு பாட்டு சிடியைப் போட்டு அதன் சிடி பிளேயரில் கேளுங்கள். சிடி உள்ளிருந்து வெளியே படிக்கப்படுவது. முதல் பாட்டு நடுவில், கடைசிப் பாட்டு விளிம்பில். ஓர் இடத்துப் பாட்டுகள் மட்டும் தாவினால் வண்டித் தடத்தின் அந்தப் பகுதியைத் திறந்து பாருங்கள். எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி தாவினால் முதலில் பஞ்சுக் குச்சி.